இருநூற்றுப் பதினேழாவது தண்டு

திரும்பி வந்த தண்டை ஒரு சின்ன டப்பாவில் பஞ்சுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். சுண்டுவிரல் நீளம், கட்டைவிரலைவிடக் கொஞ்சம் ஒல்லி. கண்ணை இடுக்கிப் பார்த்தால் ஓரத்தில் பொறித்த எண் தெரிந்தது: 217. மேனேஜரின் மேசையைச் சுற்றி நான்கு பேர் நின்றார்கள். தண்டை வாங்கிய கம்பெனியின் இன்ஜினியர், மேனேஜர், தரச் சோதனை பார்க்கிற அண்ணன், அந்தத் தண்டைக் கடைந்த அவருடைய தங்கை.

தங்கைக்குப் பட்டறையில் மைக்ரான் என்று பேர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு மைக்ரான். ஒரு தலைமுடியின் கனமே அறுபது எழுபது மைக்ரான் வரும். இரண்டு மைக்ரான் தப்பினாலும் தண்டைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி கடைகிறவள் என்பதால் வந்த பேர் அது. "அது மூச்சு விட்டாக்கூட அளந்துதான் விடும்" என்று பக்கத்து மெஷின்காரர்கள் கேலி செய்வார்கள். முப்பத்தெட்டு வயதில், வேறு எந்தப் பேச்சுக்கும் கிடைக்காத ஒரு சிரிப்பு அந்தக் கேலிக்கு அவளிடம் கிடைக்கும்.

அவளுடைய மெஷின் கம்ப்யூட்டர் சொல்படி கடைகிற மெஷின். பின்னாலிருந்து இரும்புக் கம்பி தானாக உள்ளே வரும். சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றும். எட்டு ஆயுதங்களைச் செருகிய தலை ஒன்று திரும்பித் திரும்பி, எந்த ஆயுதம் வேண்டுமோ அதை நீட்டும். ஆயுதத்தின் முனையில் விரல் நகம் அளவுக்கு ஒரு டிப், வெட்டுவதெல்லாம் அதுதான். பால் நிறத் தண்ணீர் பீய்ச்சியடிக்க, கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று நிமிஷத்துக்குள் ஒரு தண்டு பிறந்து தட்டில் உருண்டு விழும்.

புரோகிராமில் எழுதியதை மெஷின் அட்சரம் பிசகாமல் செய்யும். ஆனால் டிப் தேய்வது அதற்குத் தெரியாது. டிப் தேயத் தேய வெட்டு குறையும், தண்டு தடிக்கும். அதனால் பத்துத் தண்டுக்கு ஒரு தடவை கதவைத் திறந்து எடுத்துத் துடைத்து, மைக்ரோமீட்டரில் வைத்து அளந்து, எத்தனை மைக்ரான் ஏறியிருக்கிறதோ அத்தனையைத் திரையில் தட்டிச் சொல்ல வேண்டும். அத்தனை பெரிய மெஷினுக்கு மனுஷத் துணை தேவைப்பட்டது அந்த ஒரு காரியத்துக்குத்தான்.

இன்ஜினியர் மெதுவாகத்தான் பேசினார். "இது சாமான் லிஃப்டோட எண்ணெய் வால்வுக்குள்ள ஓடுற தண்டு. பட்டனை விட்டதும் இது தன் இடத்துக்குத் திரும்பி எண்ணெயை அடைக்கணும். அடைச்சாத்தான் லிஃப்ட் நிக்கும். மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு கிடங்குல லிஃப்ட் நிக்கலை. சாமான் ஏத்துற பலகைக்கு அடியில பெட்டி ஒண்ணு சிக்கியிருக்கு, நிறுத்திட்டுத்தான் எடுக்கப் போனேங்கிறார் ஒருத்தர். பலகை இறங்கிக்கிட்டே வந்துருச்சு. வலது கையில மூணு விரல் போச்சு."

பையிலிருந்து தண்டின் வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தார்.

"எங்க படத்துல அதிகபட்சக் கனம் பதினஞ்சு புள்ளி தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தாறு மில்லிமீட்டர். இது பதினாறு புள்ளி பூஜ்யம் பூஜ்யம் மூணு இருக்கு. ஏழு மைக்ரான் தடிச்சிருக்கு. ஆனா உங்க தாள்ல தொள்ளாயிரத்துத் தொண்ணூத்து நாலுன்னு எழுதி, கையெழுத்தும் இருக்கு."

கையெழுத்து அண்ணனுடையது.

அவள் வாயெடுப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "என் மைக்ரோமீட்டர் தப்பாக் காட்டியிருக்கும் சார். அந்த வாரம் ஒரு தடவை கீழ விழுந்தது. பூஜ்யத்துல சரியா நிக்குதான்னு பார்க்காம விட்டுட்டேன். தப்பு என்னோடது."

இன்ஜினியர் குறித்துக்கொண்டார். மேனேஜர் அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். அண்ணன் ஒரே ஒரு முறை தங்கையைப் பார்த்தார். 'பேசாதே' என்பதைச் சின்ன வயதிலிருந்தே அவர் அந்தப் பார்வையில்தான் சொல்வார். அவளும் பேசவில்லை. மைக்ரோமீட்டர் கீழே விழவே இல்லை என்பது அவரைத் தவிர அவள் ஒருத்திக்குத் தெரியும்.

அந்தத் தண்டைக் கடைந்த அன்று நடந்தது இதுதான்.

அண்ணி அவளுக்கு ஒரு வரன் பார்த்திருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், மனைவி இறந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. நான்கு மாதமாக இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்று காலை பதினொரு மணிக்கு அவர் சொல்லாமல் கொள்ளாமல் பட்டறை வாசலுக்கு வந்து போன் போட்டார். "அஞ்சு நிமிஷம் வர முடியுமா?"

மெஷினுக்குள் புதுக் கம்பி ஏற்றியிருந்தது, கதவு மூடியிருந்தது, அது பாட்டுக்கு ஓடும். ஐந்து நிமிஷம்தானே என்று போனாள்.

நல்ல மனுஷர்தான். அதனால்தான் வேண்டாம் என்ற ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு நாற்பது நிமிஷத்துக்கு மேல் பிடித்தது. கடையைப் பற்றிச் சொன்னார், தன் தலைவலியைப் பற்றிச் சொன்னார், கடைசியில் மகளுக்கு இதில் இஷ்டமில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னார். "நீங்க ஒண்ணும் தப்பா நினைச்சுக்கக் கூடாது" என்றார். "இதுல நினைக்க என்ன இருக்கு" என்று அவள் சிரித்தாள். அவர் தெருமுனை திரும்பும்வரை அந்தச் சிரிப்பைக் கஷ்டப்பட்டுப் பிடித்துவைத்திருந்தாள்.

திரும்பி வந்தபோது தட்டில் பதினேழு தண்டுகள் சேர்ந்திருந்தன. குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அண்ணனின் குரல் கேட்டது. வெளியே வண்டி நிற்கிறது, பெட்டி கட்ட வேண்டும்.

"இதெல்லாம் அளந்து பாத்துட்டியா பாப்பா?"

ஒரு வார்த்தைக்கு மேல் பேசினால் குரல் உடைந்துவிடும். திரும்பினால் கண்ணைப் பார்த்துவிடுவார். குழாயைப் பார்த்தபடியே சொன்னாள்: "பாத்துட்டேன்."

அண்ணன் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார். தங்கை பார்த்துவிட்டேன் என்றால் அதற்கு மேல் ஒரு மைக்ரோமீட்டர் எதற்கு? தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்று மூன்று என்று தாளை நிரப்பிக் கையெழுத்துப் போட்டார்.

அரை மணி கழித்து, டிப் மாற்றவேண்டிய எண்ணிக்கை வந்துவிட்டது என்று மெஷினில் விளக்கு எரிந்தது. பழைய டிப்பைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். முனையில் உப்புக்கல் அளவு உதிர்ந்திருந்தது. வண்டி அப்போதுதான் கிளம்பியிருந்தது. போன் போட்டால் பாதி வழியில் நிறுத்தலாம். நிறுத்தினால் ஏன் என்பார்கள். முக்கால் மணி நேரம் எங்கே போனாய் என்பார்கள். 'அஞ்சாறு மைக்ரான் ஏறியிருக்கும். அதுல என்ன குடி முழுகிடப் போகுது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு மைக்ரானுக்கு ஊரைக் கூட்டுகிறவள், அந்த டிப்பைக் கழிவுப் பெட்டியில் போட்டு மூடினாள்.

இன்ஜினியர் வந்துபோன மறுவாரம் அண்ணன் வேலையை விட்டார். விலக்கினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தார். மேனேஜர் அவருக்கு நல்லபடியாக ஒரு சான்றிதழும் தந்தார். அதைக் காட்டினால் வேறு இடத்தில் இதே சோதனை வேலை கிடைக்கும்.

அண்ணன் சாமானை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு போன அன்று அவள் மேனேஜர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். எல்லாவற்றையும் சொன்னாள். மெஷினின் பதிவில் அன்று முக்கால் மணி நேரம் கதவு திறக்கவே இல்லை என்பது இருக்கும், வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள் என்றாள்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சொல்லிட்டீங்கல்ல. மனசு லேசாயிருக்கும். போய் வேலையைப் பாருங்க."

"சார், எங்க அண்ணன் மேல தப்பில்லை."

"அளக்காம எழுதினாருன்னு இப்ப நீங்கதானே சொல்றீங்க? இப்போதைக்கு அவர் தப்பு, கருவி கெட்டுப்போனதைக் கவனிக்கலைங்கிறது மட்டும்தான். இதை வெளிய சொன்னீங்கன்னா பொய்க் கணக்கு எழுதினவர்னு ஆகிடும். அப்புறம் எந்தப் பட்டறையில அவரைச் சேர்ப்பாங்க?" கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "சோதனைக்கு வேற ஆள் கிடைக்கும். அந்த மெஷினுக்கு உங்களை விட்டா ஆள் இல்லை. நான் சொல்றது புரியுதா?"

புரிந்தது. எழுந்தாள். மேசை ஓரத்தில் கிடங்குக்காரர்கள் எழுதிய விபத்து அறிக்கையின் நகல் கிடந்தது. நின்றபடியே அவள் கண்ணில் பட்டது ஒரு வரி: 'நகரும் பலகைக்கு அடியில் கை நீட்டியதே முதன்மைக் காரணம்.' தண்டின் பேச்சே அந்தப் பக்கத்தில் இல்லை. மேலே கிடங்கின் முகவரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த முகவரிக்குப் போனாள். அங்கே இருந்த காவல்காரர், விரல் போனவரின் வீடு இரண்டு தெரு தள்ளி, மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அறை என்று வழி சொன்னார்.

கதவைத் திறந்த அவர் மனைவிக்கு வந்தவள் யாரென்று விளங்கவில்லை. கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் முகம் இறுகியது. உள்ளே கட்டிலில் ஒரு ஆள், ஐம்பது வயதிருக்கும், இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். பாதிவரை போட்டு, ஓட்டை தப்பி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மனைவி உதவ வந்தபோது தோளைத் திருப்பிக்கொண்டார்.

"மறுபடியும் கையெழுத்தா? இடது கையால கீறிக் கொடுத்தேனே, அது போதாதா?" என்றார்.

"கையெழுத்துக்கு வரலைங்க. அன்னிக்கு என்ன நடந்ததுன்னு கேட்க வந்தேன்."

"கேட்டு என்ன பண்ணப் போற? நான் பட்டனை விட்டுட்டுத்தான் கையை நீட்டினேன். பலகை நின்னுச்சு. அப்புறம் மெல்ல இறங்க ஆரம்பிச்சுது. இதை எத்தனை பேர்கிட்டச் சொல்றது? பட்டனை விட்டா லிஃப்ட் நிக்கும், நிக்கலைன்னா நீ விடலைங்கிறாங்க. பன்னெண்டு வருஷமா அந்த லிஃப்ட்ல நிக்கிறேன். எனக்குப் பட்டனை விடத் தெரியாதா?" மனைவியின் பக்கம் தலையைச் சாய்த்தார். "இவளே கேக்குறா. நல்லா யோசிச்சுப் பாருங்க, அன்னிக்குத் தூக்கம் கீக்கம் வந்துதான்னு கேக்குறா."

மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையல் பக்கம் போனாள்.

தங்கை அந்த அறையில் இருந்த ஒரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சொன்னாள். பட்டனை விட்டிருக்கிறீர்கள், தண்டு முழுசாகத் திரும்பவில்லை, அதை நான்தான் கடைந்தேன், அளக்கவில்லை. பட்டறையில் பேசுவதுபோல வரிசையாகச் சொல்ல நினைத்திருந்தாள். எல்லாம் தலைகீழாக வந்தது.

அவர் பொத்தானை விட்டுவிட்டு நிமிர்ந்தார். பிறகு கேட்டார்: "எவ்வளவு பெரிசா இருந்துச்சு?"

"ஏழு மைக்ரான்."

"அப்படின்னா?"

அவள் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி நீட்டினாள். "இதைப் பத்தாப் பிளந்தா வர்ற ஒண்ணு."

அவர் முடியை இடது கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கட்டுப் போட்ட வலது கை மடியில் கிடந்தது. திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள், திட்டியிருந்தால் தேவலை. அவர் சமையல் பக்கம் பார்த்து உரக்கக் கூப்பிட்டார். "இங்க வா. இந்தப் பொண்ணு சொல்றதைக் கேளு. நான் பட்டனை விட்டேனாம்." கட்டிலில் திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அவள் எழுந்து வந்தபோதும் அவர் திரும்பவில்லை. வாசல்வரை வந்த மனைவி சொன்னாள்: "இதை எழுதித் தர முடியுமாம்மா? அவர் வேற ஒண்ணும் கேக்க மாட்டார். நான் கேக்குறேன்."

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து சான்றிதழை நகல் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அப்பா அம்மா இருவரும் போன பிறகு அவளைப் படிக்கவைத்தவர் அவர்தான். மாடி அறையை அவளுக்கென்று ஒழித்துக் கொடுத்தவரும் அவர்தான். பக்கத்தில் உட்கார்ந்து, போய்வந்ததைச் சொன்னாள். அன்று குழாயடியில் சொன்னது பொய் என்பதையும் சொன்னாள்.

"தெரியும்" என்றார் அண்ணன், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தெரியுமா?"

"நீ அழுதது அன்னிக்கே தெரியும். சாதாக் குரலுக்கும் அழுத குரலுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? எதுக்கு அழுதேன்னு கேட்கத் தோணுச்சு. சாயந்தரம் கேட்டுக்கலாம்னு விட்டேன். தண்டை அளக்கணும்னு மட்டும் தோணலை."

அவள் அழத் தொடங்கினாள். அவர் அழவிட்டார்.

"அடுத்த வாரம் எனக்கு வேலை ஆகிடும்" என்றார் பிறகு. "பெரிய இடம். இதே சோதனை வேலை. நீ ஒண்ணும் எழுத வேண்டாம். விட்டுடு பாப்பா."

"அந்த ஆளை யாருமே நம்பலண்ணா. அவரோட பொண்டாட்டி கூட நம்பலை."

"இப்ப நம்பிட்டாங்கல்ல? நீ போய்ச் சொல்லிட்டேல்ல?"

"வீட்டுக்குள்ள நம்பினா ஆச்சா? தாள்ல அவர் தப்புன்னு இருக்கு."

"நீ எழுதினா தாள்ல என் தப்புன்னு வரும்." முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு அம்பது ஆகப்போகுது. எனக்கு வேற எதுவும் தெரியாது. அளக்கத்தான் தெரியும். யோசிச்சுக்கோ."

அவள் நான்கு நாள் யோசித்தாள். மெஷினில் நின்று யோசித்தாள். பத்துக்கு ஒன்று அளக்கிறவள் ஒவ்வொன்றையும் அளந்தாள். அண்ணனைப் பற்றி நினைக்கும்போது அவர் சொல்வது முழுக்க நியாயமாக இருந்தது. பொத்தான் போட முடியாத இடது கை ஞாபகத்துக்கு வந்தால் அந்த நியாயம் நிற்கவில்லை. தன் தப்பை மட்டும் எழுதி அண்ணனை விட்டுவிட முடியுமா என்று நாலைந்து விதமாக எழுதிப் பார்த்தாள். முடியவில்லை. அவள் அளக்கவில்லை என்றால், தாளில் இருக்கிற எண் எங்கிருந்து வந்தது என்றுதான் எவனும் கேட்பான்.

ஐந்தாம் நாள் மெஷினின் பதிவைத் தாளில் அச்செடுத்தாள். கடிதத்தோடு சேர்த்து, தண்டு வாங்கிய கம்பெனிக்கு ஒன்று, கிடங்குக்கு ஒன்று, மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்த வீட்டுக்கு ஒன்று அனுப்பினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் விறுவிறுவென்று நடந்தது. மேனேஜர் அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "கிளம்புங்க" என்றார். கிடங்கில் பழைய அறிக்கையை விலக்கி, லிஃப்டில் நின்றவர் மேல் தப்பில்லை என்று எழுதி, எல்லாரும் பார்க்கிற பலகையில் ஒட்டினார்கள். அவருடைய மனைவி போனில் சொன்னாள். கணவர் போய் அதைப் படித்துவிட்டு வந்தாராம், மறுநாளும் போய்ப் படித்தாராம். "விரல் வந்துடுமான்னு நான்தான் சத்தம் போட்டேன்" என்றாள். சந்தோஷமா கோபமா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

அண்ணனுக்கு வருவதாக இருந்த வேலை வரவில்லை. அந்தப் பெரிய இடத்தில் விசாரித்தார்களாம். அதற்கப்புறம் போன இரண்டு இடத்திலும் விசாரித்தார்கள். அண்ணன் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணிதான் ஒரு நாள் மாடி ஏறி வந்து, வாசலிலேயே நின்று கேட்டாள்.

"யாரோ ஒருத்தருக்காக உன் அண்ணனைத் தெருவுல நிறுத்திட்டியே. உனக்காகத்தானே அந்த மனுஷன் பழியைத் தலையில போட்டுக்கிட்டாரு?"

"ஆமா அண்ணி."

"ஆமாங்கிறியே. உனக்கு எப்படி மனசு வந்தது?"

அண்ணி பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனாள். அந்த மாதமே அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு அண்ணியின் தங்கை இருக்கிற பக்கம் போனார்கள். சாமான் ஏற்றும்போது அவள் கீழே வந்து ஒரு பெட்டியைத் தூக்கப் போனாள். அண்ணன் அதை அவள் கையிலிருந்து வாங்கி வண்டியில் வைத்தார்.

அவளுக்கு வேலை கிடைக்க ஆறு மாதம் ஆயிற்று. தண்ணீர்க் குழாய்க்கு மூட்டு கடைகிற ஒரு சின்னப் பட்டறை. கால் மில்லிமீட்டர் கூடக் குறைய இருந்தாலும் யாரும் சட்டை செய்வதில்லை. முதல் நாள் அவள் மைக்ரோமீட்டர் கேட்டபோது முதலாளி சிரித்தார், ஸ்கேல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அங்கே அவளுக்குப் பட்டப்பேர் எதுவும் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டைத் தேடிப் போனாள். வண்டி நிறுத்தும் இடத்தில் சீட்டுக் கொடுக்கிற வேலை பார்ப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். கதவைத் திறந்தது அவரே. சவரம் செய்யாத முகத்தில் தாடி பாதி வெளுத்திருந்தது. உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டேண்ணா."

சாப்பிடவில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். உள்ளேயிருந்து அண்ணி "யாரது?" என்று கேட்டாள். அண்ணன் கதவின் பிடியில் கையை வைத்தபடி, என்ன பதில் சொல்வது என்று தெரியாதவர்போல அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.